சுங்கை டுவாவின் வால்வும் ஒரு சான்றிதழ்ப் படிப்பும்

(பினாங்கின் ஜெலுத்தோங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 ஜனவரி 10 முதல் 14 வரை இந்த ஊரில் இருந்தவர்கள் யாரென்று கேட்க வேண்டியதில்லை. எல்லாரும் இருந்தோம். அண்டா, குண்டான், வாளி, பொங்கல் பானை வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தோம். 15-ஆம் தேதி பொங்கல். வீடு கழுவ வேண்டிய வாரம் பார்த்துக் குழாயில் காற்று வந்தது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்களுக்குத் தண்ணீர்த் தடை என்று அறிவித்திருந்தார்கள். காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு வால்வு. விட்டம் 1,200 மில்லிமீட்டர், அதாவது நாலடி. ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் நிமிர்ந்து நிற்கலாம். அதை மாற்ற நிலையத்தை நிறுத்தியாக வேண்டும். நிலையத்தை நிறுத்தினால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் தண்ணீர் நிற்கும். ஏனென்றால் பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஒரே இடத்தில்தான் சுத்தமாகிறது. ஆயர் ஈத்தாமில் 1962-இலிருந்து அணை இருக்கிறது, தெலுக் பஹாங்கில் 1999-இலிருந்து இருக்கிறது, மெங்குவாங்கில் இன்னும் பெரிதாக ஒன்று இருக்கிறது. இத்தனை இருந்தும் இரண்டு வால்வுக்காக நான்கு நாள் காய்ந்தோம்.

தண்ணீர் வாரியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழுது முற்றி, கேட்காமல் உடைவதற்கு முன்னால், நாள் குறித்து, ஊருக்குச் சொல்லி, லாரியில் தண்ணீர் அனுப்பிச் செய்த வேலை அது. அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் இன்றைக்கு வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம். நான் கேட்க வருவது, "அந்த ஒரு இடம் நின்றால் என்னென்ன நிற்கும்" என்று கணக்குப் போடுவது யார் வேலை என்பதை. அந்தக் கணக்கை ஒரு படிப்பாக்கி, உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் சான்றிதழ் கொடுக்கின்றன. பட்டம் முடித்து வேலையில் இருப்பவர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மாலை நேரத்திலும் வார இறுதியிலும் படிக்கிற படிப்பு. முக்கிய உள்கட்டமைப்புப் பாதுகாப்பு என்று பெயர். பெயர் கொஞ்சம் கனமாக இருக்கிறது. விஷயம் நம் வீட்டுக் குழாய், சுவிட்சு, கைப்பேசி, கழிவறை பற்றியதுதான்.

பாதுகாப்பு என்றதும் காவலாளி, வேலி, கேமரா என்று நினைக்கிறோம். நம் நாட்டுச் சட்டத்திலும் அந்த நினைப்பு பழையது. பாதுகாக்கப்பட்ட பகுதிகள், பாதுகாக்கப்பட்ட இடங்கள் பற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டம் மலாயா அவசரகாலத்தின் நிழலில் பிறந்தது. குண்டு வைக்க வருகிறவனை எப்படித் தடுப்பது என்பதே அதன் கவலை. அணைக்கட்டு வாசலில் அந்தச் சிவப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள், துப்பாக்கி ஏந்திய ஆள் படத்தோடு. பலகை இருக்கட்டும். ஆனால் இந்த மாநிலத்தின் மோசமான உள்கட்டமைப்பு விபத்தில் எதிரி என்று யாருமே இல்லை.

1988 ஜூலை 31. இங்கே நரைத்த தலைகள் நிமிர்வது தெரிகிறது. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத் துறை. அன்றைக்குப் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, பினாங்கில் சீனர்களின் குவான் யின் விழா. இரண்டுக்கும் போகிறவர்கள், திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரே மேடையில். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மேடை இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள், 1,634 பேர் காயப்பட்டார்கள். பினாங்குப் பாலம் திறந்து ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகியும் கால்நடையாகக் கடக்க ஏழைக்குப் படகுதானே வழி? அன்றைக்கு வேலி சரியாக இருந்தது. காவலரும் இருந்தார். இரண்டு சமயத்தின் நாட்காட்டியையும், ஒரு மேடை தாங்கும் எடையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

இந்தப் படிப்பின் முதல் பாடமே இதுதான் என்று சொல்வேன். ஆபத்து என்பது மூன்றின் சேர்க்கை. என்ன வரக்கூடும், எங்கே நாம் பலவீனம், வந்துவிட்டால் என்ன போகும். வகுப்பில் இதைப் பெருக்கல் கணக்காகப் போடுவார்கள். எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. ஊகத்தை ஊகத்தால் பெருக்கினால் பெரிய ஊகம்தான் வரும். ஆனால் மூன்று கேள்வியையும் தனித்தனியே கேட்கப் பழகியவர் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது பாடம் இன்னும் சுவாரசியமானது. அதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் போதும். துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை. நமக்கு இன்னமும் ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வே. ஜார்ஜ்டவுனையும் பாலத்தையும் பாயான் லெப்பாஸையும் கட்டிப்போட்டிருக்கிற சாலை. அதற்கும் கடலுக்கும் நடுவே இண்டா வாட்டரின் ஜெலுத்தோங் கழிவுநீர் நிலையம். முதல் கட்டத்திலேயே எட்டு லட்சம் பேரின் கழிவைச் சுத்தம் செய்யக் கட்டியது. பக்கத்திலேயே குப்பை மேடு. 2022 ஜனவரியில் அது பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தபோது இங்கே மூச்சு விட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடக்கே சுங்கை பினாங்கு கடலில் கலக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் புயல் மழையில் மாநிலமே மூழ்கி ஏழு பேர் இறந்தபோது அந்த ஆறு என்ன செய்தது என்று கரையில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள். தெற்கே குளுகோரில் மின்நிலையம்.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம், ஒரு மேலதிகாரி, ஒரு கோப்பு. சேர்த்துப் பார்த்தால்? குப்பை மேடு எரிகிறது என்று வையுங்கள். புகை சாலையை மறைக்கிறது. சாலையை மூடினால் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்று ஆள் வர முடியவில்லை. மின்சாரம் போனால் பம்ப் நிற்கும். டீசல் ஜெனரேட்டர் ஓடும். டீசல் லாரி அதே சாலையில்தான் வர வேண்டும். பம்ப் அதிக நேரம் நின்றால் கழிவுநீர் எங்கே போகும்? கீழ்நோக்கி, அதாவது தாழ்வான வீடுகளின் கழிவறைக்கும் சுங்கை பினாங்குக்கும். இது நடந்த கதை இல்லை, நான் கோத்துச் சொன்னது. ஆனால் கோர்ப்பதற்கு எனக்கு இரகசியத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நடை போதுமாக இருந்தது.

இந்தக் கோர்வைக்கு ரினால்டி என்ற ஆய்வாளரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் 2001-இல் நான்கு வகை பிரித்துக் கொடுத்தார்கள். இன்றுவரை எல்லா வகுப்பிலும் அதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறார்கள். ஒன்றின் விளைபொருள் இன்னொன்றுக்குத் தேவைப்படுவது ஒரு வகை. பம்புக்கு மின்சாரம் போல. தகவல் வலையால் பிணைந்திருப்பது இன்னொன்று. சட்டம், பணம், அரசியல் வழியாகப் பிணைந்திருப்பது மற்றொன்று. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே சேர்ந்து சாவது நான்காவது.

அந்த நான்காவதற்கு ஜெலுத்தோங்கைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஆனால் பாடப்புத்தகங்கள் பால்டிமோரைத்தான் சொல்லும். கட்டுரை வெளிவந்த அதே 2001-இல், ஜூலை 18 அன்று, அமெரிக்காவின் அந்த நகரத்துக்கு அடியில் ஹோவர்ட் தெரு சுரங்கத்தில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. மேலே போன பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. சுரங்கத்துக்குள் போட்டிருந்த கண்ணாடி இழைக் கம்பிகள் உருகின. பல ஊர்களில் இணையம் தள்ளாடியது. நகரத்தில் பேஸ்பால் ஆட்டமே ரத்தானது. ரயிலுக்கும் இணையத்துக்கும் என்ன உறவு? கம்பி இழுக்கச் சுரங்கம் மலிவான வழியாக இருந்தது, அவ்வளவுதான். மலிவான வழியில் எல்லாரும் போவார்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நாமும் அப்படித்தான் போகிறோம்.

மூன்றாவது வகைக்கு, அரசியல் வகைக்கு, மறுபடியும் நம் குழாய். சுங்கை டுவாவுக்குத் தண்ணீர் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். ஆற்று நீருக்குப் பினாங்கு பணம் தர வேண்டும் என்கிறது கெடா அரசு. எங்கள் எல்லையில் ஓடும் ஆற்றுக்கு ஏன் தர வேண்டும் என்கிறது பினாங்கு அரசு. யார் சரி என்று இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்குப் பணத்தைவிட மரம்தான் கவலை. காட்டை வெட்டினால் ஆறு மெலியும். வேறு மாநிலத்தின் மரத்தை வெட்ட விடாமல் தடுக்கப் பினாங்கின் எந்த இஞ்சினியருக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டு வால்வைப் புதிதாக மாற்றலாம். உலு மூடாவுக்கு மாற்றுப் பாகம் யாரும் விற்பதில்லை. ஆகவே இந்தப் படிப்பில் இஞ்சினியரிங்கோடு சட்டமும் ஆட்சியியலும் சேர்த்து வைக்கிறார்கள். அந்தத் தாள்களைக் கடனே என்று படிக்கிற இஞ்சினியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பதும் அவர்கள்தான்.

இனி கணினி. இன்றைக்கு இந்தத் துறையில் பாதிக்கு மேல் பேச்சு அதைப் பற்றித்தான்; கொஞ்சம் அளவுக்கு மீறியும் போய்விட்டது. ஆனாலும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 23 அன்று மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினி அமைப்புகளைத் தாக்கி ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுக்க ஐந்து வினாடிகூட ஆகவில்லை என்றார் பிரதமர். நாட்டில் அப்போது இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்தது. 854-ஆம் சட்டம், 2024 ஆகஸ்ட் 26 முதல் அமல். பதினொரு துறைகளை அது முக்கியத் தகவல் உள்கட்டமைப்பு என்கிறது. வங்கி, போக்குவரத்து, எரிசக்தி, சுகாதாரம், தண்ணீரும் கழிவுநீரும் என்று போகிற பட்டியலில் விவசாயமும் தோட்டத் துறையும்கூட உண்டு. பால் மரக் காட்டில் விடியற்காலை விளக்கோடு போன பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த எண் ஆறு. சம்பவம் நடந்ததாகத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். முழு விவரம் 14 நாளில். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் ஊடுருவல் என்று அக்டோபர் கடைசியில் செய்தி கசிந்தது. 29-ஆம் தேதி நிலையம் மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: தீம்பொருள் இருந்தது உண்மை, ஆனால் நிர்வாக வலைப்பின்னலில் உள்ள கணினியில்தான், உலையை இயக்கும் அமைப்பு அதனோடு இணையாத தனி அமைப்பு என்று. அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். இரண்டு வலைப்பின்னலைப் பிரித்து வைப்பது இந்தத் துறையில் முதல் ஒழுக்கம். அன்றைக்கு அது காப்பாற்றியது. ஆனால் முதல் நாள் மறுத்து, இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டால், மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னாலும் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்காரர் ஏன் நம்ப வேண்டும்? எதிரி நுழைந்தது நிர்வாகக் கணினியில். சேதம் ஆனது சொல்லில்.

இங்கே கதவோரம் நிற்கிற தம்பிகளுக்காக ஒன்று. 2015 டிசம்பர் 23, உக்ரைன். மூன்று மின்விநியோக நிறுவனங்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர் கண்முன்னே மௌஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவர் கையில் மௌஸ் அசையவில்லை. திரையில் ஒவ்வொரு துணை மின்நிலையமாக பிரேக்கர் திறந்துகொண்டே போனது. ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். அவருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. பிறகு என்ன செய்தார்கள்? ஆட்கள் வண்டியேறித் துணை மின்நிலையங்களுக்குப் போய் பிரேக்கரைக் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் வெளிச்சம் திரும்பியது. அங்கே பழைய இயந்திரங்கள் இருந்தன, அதைக் கையால் இயக்கத் தெரிந்த பழைய ஆட்களும் இருந்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை வேறு.

நான் எதற்கு இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்பது இப்போது புரியும். பினாங்கில் துறைமுகம், ரயில்வே, பொதுப்பணித் துறை, நகராண்மைக் கழகம் என்று எங்கே மண்ணைத் தோண்டிக் குழாய் புதைத்தார்களோ, எங்கே கம்பி இழுத்தார்களோ, அங்கே தமிழர் கை இருந்தது. எந்த முச்சந்தியில் எந்த வால்வு தரைக்கடியில் இருக்கிறது, அதை எத்தனை சுற்று சுற்றினால் மூடும், பாதியில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லாமல் சிலருடைய தலையில் மட்டும் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, ஒரு கடிகாரம் கொடுத்து, அந்தத் தலையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஆபத்துக் கணக்கு போடுகிற அறையில் அவர்களை யாரும் உட்கார வைக்கவில்லை. உட்கார வேண்டுமானால் சான்றிதழ் என்ற தாளைக் காட்டச் சொன்னார்கள். அந்தத் தாள் அவர்களிடம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் டெக்னீஷியனாக, சார்ஜ்மேனாக, கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்ப்பவராக, இளநிலை இஞ்சினியராக இருப்பவர்களைத்தான் இந்தப் படிப்புக்கு அனுப்பச் சொல்கிறேன். புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளையைவிட, ஏழெட்டு ஆண்டு இரவு வேலை பார்த்து ஒரு தடவையாவது பயந்துபோனவருக்கு இது நன்றாக ஏறும்.

விவரத்துக்கு வருகிறேன். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் முதுநிலைச் சான்றிதழ் என்பது குறைந்தது 20 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. வகுப்பு, வீட்டில் வாசிப்பு, செய்முறை எல்லாம் சேர்த்து 800 மணி. பாட வழியில் படிக்கிற முதுகலையின் பாதி அளவு. பிறகு தொடர விரும்பினால் கிரெடிட்டை எடுத்துப் போக முடியுமா என்று சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். பட்டம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். முப்பது வயது தாண்டி, டிப்ளோமாவோ எஸ்.டி.பி.எம்.மோ வைத்துக்கொண்டு, துறை அனுபவமும் இருந்தால் முன் அனுபவக் கற்றலை மதிப்பிட்டு முதுகலை வகுப்பிலேயே சேர்க்கிற ஏப்பல் என்ற வழி நம் நாட்டில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே வவாசன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த ஊரிலேயே நடக்கிறது. பக்கத்து மிண்டேனில் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கெல்லாம் இந்தப் பெயரிலேயே படிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டாம். பேரிடர், இணையப் பாதுகாப்பு, தொழிற்சாலைக் கட்டுப்பாடு என்று சிதறிக் கிடக்கும் தாள்களைச் சேர்த்துக் கேளுங்கள். தனியார் நிறுவனத்தில் இருந்தால் முதலாளி கட்டுகிற மனிதவள லெவியிலிருந்து பணம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்காதவனுக்கு யாரும் கொடுப்பதில்லை.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீல நிறத் திரை, பூட்டுப் படம், முகமூடி போட்ட ஹேக்கர். இந்த மூன்றும் உள்ள விளம்பர ஏட்டை நான் ஓரமாக வைத்துவிடுவேன். பம்பைப் பற்றி, ரிலேயைப் பற்றி, சென்னையில் 2015 வெள்ளத்தின்போது மருத்துவமனை ஜெனரேட்டர் தண்ணீரில் முழுகியதைப் பற்றி ஒரு பாடமாவது இருக்கிறதா? 1996 ஆகஸ்ட் 3 அன்று திரெங்கானுவின் பாக்காவில் தொடங்கிய ஒரு கோளாறு தீபகற்பம் முழுவதையும் எப்படி இருட்டாக்கியது என்று மணி வாரியாகப் படிக்க வைக்கிறார்களா? 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்ததில் குற்றம் சாட்ட ஆள் கிடைக்கவில்லை. குழாய்க்கு அடியில் மண் பலம் இழந்து, குழாய் இறங்கி, பற்றவைத்த இணைப்பு களைத்துப் போனது என்றது விசாரணை. மண்ணைப் பற்றிப் பேசாத பாதுகாப்பு வகுப்பு புத்ரா ஹைட்ஸுக்கு என்ன பதில் சொல்லும்?

கடைசியாக ஒரு சிக்கல். சேரப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தப் படிப்பின் முடிவில் பெரும்பாலும் ஒரு செயல்திட்டம் எழுத வேண்டும். தான் வேலை பார்க்கிற இடத்தையே எடுத்து, எது நின்றால் எது நிற்கும் என்று வரைந்து, எங்கே பலவீனம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். நன்றாக எழுதினால் அதுவே எதிரிக்கு வேண்டிய வரைபடம். 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் நினைவிருக்கட்டும். மேலதிகாரியிடம் அனுமதி எழுத்தில் வாங்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். அதை யார் திருத்துவார்கள், எந்தக் கணினியில் சேமிப்பார்கள், மதிப்பெண் போட்ட பிறகு என்ன செய்வார்கள் என்று முதல் வகுப்பிலேயே ஆசிரியரைக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.